நியூட்ரலில் விட்ட இறக்கம்

காலையில் மாமா வேனை ஸ்டார்ட் செய்வார். சாவியைப் பாதி திருப்பி, மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்து, பிறகு மீதியைத் திருப்புவார். எஞ்சின் இருமிக்கொண்டு பிடிக்கும். புகை, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரையோரமாகப் போகும். அடுத்த வீட்டுக் காம்பராக்காரி கொடியில் கிடக்கும் துணிகளை இழுத்து உள்ளே போட்டுக்கொள்வாள். நான் பைப்படியில் இரண்டு வாளி தண்ணீர் பிடிப்பேன். அத்தை ரொட்டி தட்டுவார். சம்பல் முதல் நாள் மிச்சம். வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் வாசலைக் கடந்து போவார்கள். மாமா கொஞ்ச நேரம் எஞ்சினைக் கேட்டுவிட்டு அணைப்பார். வேன் எங்கும் போகாது. வாடகைக்கு ஹயர் கேட்டு வருகிறவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். நான் சாப்பிட்டுவிட்டுச் சந்திக்கு இறங்கி, பதுளை பஸ்ஸில் ஏறிக் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போவேன். அங்கே எனக்கு எழுதுவினைஞர் வேலை.

என் மனைவி தயானி இறந்து ஒரு வருஷம் ஆகிறது. நான் இன்னும் அவளுடைய அப்பா அம்மாவோடுதான் இருக்கிறேன். போகச் சொல்லி அவர்களும் சொல்லவில்லை. போகவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

என் வீட்டார் பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருப்பவர்கள். தோட்டத்துப் பெண்ணைக் கட்டியதற்காக என் அப்பா சில வருஷம் பேசாமல் இருந்தார். பிறகு பேசினார். தயானி தோட்டத்துப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். பிள்ளைகளோடு பேசிப் பேசி அவளுக்கு எதையும் இரண்டு தரம் சொல்கிற பழக்கம் வந்திருந்தது. நோய் வந்த பிறகு ஒரு தரம்தான் சொன்னாள்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது முப்பது வயது ஆகியிருக்கவில்லை. அதன்பிறகு வாரம் மூன்று நாள் பதுளைக்குப் போய் மெஷினில் கிடக்கவேண்டும். தோட்டத்தில் அதை ‘ரத்தம் கழுவப் போறது’ என்பார்கள். எங்கள் லயம் தெமோதரைக்கு மேலே, தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் இருக்கிறது. பாதை கொங்கிரீட்டும் கல்லுமாக மாறி மாறி ஏறும். காலையில் பஸ்ஸில் எப்படியாவது போய்விடலாம். திரும்பும்போது அவளுக்குக் கால் நிற்காது. திரீவீல் ஆட்டோ பிடித்தால் மேட்டில் குலுக்கும், புகை உள்ளே அடிக்கும், வாந்தி எடுப்பாள். பதுளையில் ஓர் அறை எடுத்துப் பார்த்தோம். மூன்றாவது வாரம், “அம்மாகிட்டயே போயிடலாங்க,” என்றாள்.

அதனால் ஒரு வாகனம் வாங்குவது என்று ஆனது. அவளுடைய ஆசிரியர் கடனையும் வேலை முடிந்தபோது மாமாவுக்குக் கிடைத்த சேமலாப நிதியையும் சேர்த்தால் பழையது ஒன்று வாங்கலாம். ஒன்றுதான். அது தவறிப்போனால் இன்னொன்று இல்லை.

மாமா வீரய்யா நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவர். அவருக்கு வாகனம் என்றால் டீசல். தயானிக்கு டீசல் வாடை ஆகாது. முன்பு அப்படி இல்லை. அப்பாவின் லொறியில் கொழுந்து மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து ஸ்கூலுக்குப் போனவள்தான். நோய்க்குப் பிறகு யாராவது மண்ணெண்ணெய்ப் போத்தலைத் திறந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எலெக்ட்ரிக் கார் பார்க்கலாம் என்று சொன்னது அவள்தான். மெஷினில் கிடக்கிற நேரமெல்லாம் போனில் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கரண்டுல ஓடுற காரா?” என்றார் மாமா. “லயத்துல ரெண்டு வீட்டுல ஹீட்டரு போட்டாலே பல்பு மங்குது. இதுல காரு வேறயா?”

“எல்லாரும் தூங்குறப்ப சார்ஜ் போடுவோம்பா.”

“கரண்டு போனா?”

“டீசல் போகலையா? க்யூவுல மூணு நாளு கெடந்தீங்களே, மறந்துட்டீங்களா?”

“அது நாட்டுக்கே வந்த கேடு.”

“கரண்டு மட்டும் என்ன, நம்ம வீட்டுக்கு மட்டுமா போகுது?”

அத்தை இராக்கம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “அப்பனும் மகளும் வாயாலயே பதுளைக்குப் போயி வந்துருவாங்க. வண்டியே வேணாம் மாப்புள.”

மாமா விடவில்லை. “சரி, நடுவழியில நின்னா? டீசல்னா பொனட்டத் தொறப்பேன், ஏர் எடுப்பேன், நாலு எடத்துல தட்டுவேன், ஓடும். இதுல எங்க தட்டுறது?”

“இதுல தட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லப்பா.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”



இரண்டையும் பார்ப்பது என்று முடிவானது. முதலில் ஹாலிஎலவில் ஒரு கராஜில் டீசல் வேன். மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கராஜ்காரன் சாவியோடு வருவதற்குள் பொனட் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். விற்கிறவர்கள் வாங்க வருகிறவனுக்குத் தெரியாமல் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிடுவார்களாம். சூடான எஞ்சின் எல்லாம் நல்ல எஞ்சின்தான். குளிர்ந்து கிடப்பதை ஒரே திருப்பில் எழுப்பினால்தான் அதன் யோக்கியதை தெரியும்.

“பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு,” என்றாள் தயானி.

“பொண்ணுன்னா தொட விட மாட்டாங்க. இதத்தான் தொட்டுப் பாத்து எடுக்கணும்,” என்றார் மாமா.

பொனட் குளிர்ந்திருந்தது. அவருக்கு முகம் மலர்ந்தது. எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்தார். கீழே குனிந்து பார்த்தார். ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒரே திருப்பில் பிடித்தது. தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். “நாலு சிலிண்டரும் ஒண்ணு போல அடிக்குது மாப்புள. இத வச்சிருந்தவன் மனுசன்.”

தயானி ஏறி உட்கார்ந்தாள். வேன் பின்னால் எடுத்துத் திரும்பியது. கேட்டைத் தாண்டவில்லை. அவள் கையைத் தூக்கினாள். இறங்கி, வடிகானோரமாகக் குந்தி வாந்தி எடுத்தாள். குடிக்கவே அளவாகத் தண்ணீர் கொடுக்கப்படுகிறவள் அவள். வாந்தியில் வந்ததும் அந்த அளவுதான். நான் முதுகைத் தடவினேன். மாமா எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் நின்றார்.

எலெக்ட்ரிக் கார் மொனராகலையிலிருந்து வந்தது. முஸ்தாக் என்பவருடையது. அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். ஜப்பானில் ஓடி, இங்கே வந்து, அவர் கையில் சில வருஷம் ஓடிய கார். பெட்டரி கொஞ்சம் களைத்துவிட்டது என்பதை முதல் போன் கோலிலேயே சொல்லிவிட்டார். அதனால் அவர்மேல் தயானிக்கு நம்பிக்கை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பதுளையில் தங்கை வீட்டுக்கு வருவதாகவும், அங்கே சார்ஜ் போட்டு நிறைத்துத் தருவதாகவும், எந்தப் பாதையில் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

“என் டெஸ்ட் ஒண்ணுதான்,” என்றார் மாமா. “பதுளையில இருந்து நம்ம லயம் வரைக்கும். திரும்பப் பதுளை. திரும்பவும் லயம். நடுவுல சார்ஜ் போடக் கூடாது.”

அதற்குக் காரணம் இருந்தது. ஒரு தரம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே சாயந்தரம் அவளுக்கு மூச்சு முட்டி, திரும்பவும் கொண்டு ஓடவேண்டி வந்தது. அன்று திரீவீல் கிடைக்கவில்லை. தோட்டத்து லொறியில்தான் கொண்டுபோனோம்.

“தாராளமாப் பாருங்க ஐயா,” என்றார் முஸ்தாக். “ஏறும்போது குடிக்கும். எறங்கும்போது திருப்பித் தந்துரும். எறக்கத்துல கால எடுத்தாப் போதும், சில்லு சுத்துற சுத்துல பெட்டரிக்கு சார்ஜ் ஏறும். இங்க இருந்து மேல போக, மீட்டர்ல உள்ள பத்துக் கோட்டுல அஞ்சு எடுக்கும். வரக்கொள்ள ரெண்டு கோடு திரும்ப வரும். பாருங்களே.”

“நல்லா இருக்குன்னா ஏன் விக்கிறீங்க?”

“என் பொஞ்சாதி நளீராவுக்கு மூணாவது புள்ள கெடைக்க ஈக்கி. கார் பத்தாதாம். வேன் எடுக்கச் செல்றா.”

மாமா சிரித்தார். ஓட்டுநர் ஆசனத்தில் ஏறி, கண்ணாடிகளைச் சரி செய்தார். கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. கியர் இருக்கவேண்டிய இடத்தில் உருண்டையாக ஒரு குமிழ். “இதுல முன்னுக்கு, பின்னுக்கு எது? நியூட்ரல் எங்க?” என்று கேட்டார். முஸ்தாக் காட்டிக் கொடுத்தார். தயானி முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறினாள். நானும் முஸ்தாக்கும் பின்னால்.

கார் நகர்ந்ததே தெரியவில்லை. “ஓடுதா, நிக்குதா?” என்றார் மாமா.

“ஓடுதுப்பா. ரோட்டப் பாருங்க.”

“செத்த வண்டி மாதிரி இருக்கு.”

“செத்தாலும் மேட்டுல ஏறுதே.”

ஏறியது. தெமோதரைச் சந்தியில் பஸ் ஒன்றை முந்தியது. தோட்டத்துப் பாதையில் திரும்பியபோது கொழுந்து வாசனை ஜன்னலுக்குள் வந்தது. எஞ்சின் வாடை எதுவும் அதோடு கலக்கவில்லை. தயானி பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றாள். பிறகு இன்னொன்று. அத்தனை மாதத்தில் வாகனத்துக்குள் அவள் எதையும் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. “உங்களுக்கு வேணுமா?” என்று பின்னால் நீட்டினாள். முஸ்தாக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

லயத்து வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டன. பத்துக் கோட்டில் ஐந்து மிச்சம். முஸ்தாக் சொன்ன கணக்குத்தான். அத்தை வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்து, “சத்தமே இல்லாம வந்து நிக்குது. ஆட்டுக்குட்டி, கோழி எல்லாத்தையும் கட்டித்தான் வைக்கணும்,” என்றார். தயானி சிரித்தாள். அவளுடைய கன்னத்தில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது.

பிறகு இறங்கினோம். முஸ்தாக்குக்குக் கடையிலிருந்து கோல் வந்தது. அவர் ஆணிக் கணக்குப் பேசிக்கொண்டு வந்தார். நான் தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கார் வளைவு வளைவாக, காற்றில் மிதப்பதுபோல இறங்கியது. மாமா எங்கே பிரேக் பிடிக்கவேண்டும், எங்கே விடவேண்டும் என்று அந்தப் பாதையைக் கண்ணை மூடிக்கொண்டும் அறிவார்.

பதுளைக்கு வந்தபோது ஐந்து கோடுதான் இருந்தது. ஒன்றும் கூடவில்லை.

முஸ்தாக் முன்னால் எட்டிப் பார்த்தார். “கூடல்லியே,” என்றார். இன்னொரு தரம் பார்த்தார். “ரெண்டு வந்திருக்கணுமே.”

இரண்டாம் தரம் ஏறத் தொடங்கினோம். ஹாலிஎல தாண்டும்போதே மூன்றுக்கு வந்துவிட்டது. மாமா காரை ஓரம் கட்டினார்.

“வேணாம். நடு மேட்டுல நின்னுட்டா, என் மகளத் தூக்கிட்டு ஏற எனக்கு இப்ப ஒடம்புல தெம்பில்ல.”

முஸ்தாக்கின் முகம் கறுத்துப்போனது. “ஐயா, எனக்குத் தெரியாம இரிந்திச்சு. மொனராகலையில தட்டைப் பாதை. பெட்டரி இவ்வளவு போயிருக்குமெண்டு நான் நெனைக்கல்ல. பொய் செல்லி விக்க வரல்ல.” அதையே தயானியைப் பார்த்தும் சொன்னார். “டீச்சர், சத்தியமா.”

அவள், “பரவாயில்லைங்க,” என்றாள். அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளை மெஷினில் போட்டார்கள். நான் பக்கத்து ஸ்டூலில் இருந்தேன். குழாயில் இரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. அவள் கண்ணைத் திறந்து, “என்னங்க, முஸ்தாக்குக்கு ஒரு கோல் எடுங்க,” என்றாள்.

“எதுக்கு?”

“பெட்டரியில ஒரு பிழையும் இல்லன்னு சொல்லுங்க. பாவம், நேத்து ராத்திரி தூங்கியிருக்க மாட்டாரு.”

எனக்குப் புரியவில்லை.

“அப்பா எறக்கம் பூரா நியூட்ரல்ல விட்டாரு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். மேட்டு முடிவுல கை தானா குமிழுக்குப் போச்சு.”

தோட்டத்து லொறிக்காரர்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கொழுந்து ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்கு இறங்கும்போது கியரை எடுத்துவிடுவார்கள். பாரம் தள்ளும், லொறி தானாக ஓடும், டீசல் மிச்சம். ஆபத்து என்று தெரிந்தும் செய்வார்கள். எண்ணெய் மிச்சம் பிடிக்கிற டிரைவருக்குத்தான் தோட்டத்தில் நல்ல பெயர். எலெக்ட்ரிக் காரை நியூட்ரலில் விட்டால் அது வெறும் நான்கு சில்லு. பெட்டரிக்கு ஒன்றும் ஏறாது. மிச்சம் பிடிக்கப்போய் மாமா அந்த இரண்டு கோட்டையும் பாதையில் கொட்டியிருக்கிறார்.

“வேணும்னு செஞ்சாரா?”

“சீச்சீ. அவருக்கே தெரியாது. கை செஞ்சது.”

“நீ அப்பவே சொல்லியிருக்கலாம். திரும்ப ஓட்டிப் பாத்திருக்கலாம்.”

“சொல்லத்தான் வாயெடுத்தேன்.” நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தாள். அவள் போனபிறகு தயானி தொடர்ந்தாள். “அவரு மொகத்தப் பாத்தேங்க. ஜனவரியில மொதலாம் ஆண்டுக்குப் பிள்ளைங்க வந்து உக்காருமே, எதத் தொடலாம், எதத் தொடக் கூடாதுன்னு தெரியாம, அப்பிடி உக்காந்திருந்தாரு. அந்த வேன்காரன்கிட்ட எப்பிடி நின்னாரு, பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்.”

“எனக்கு ஒண்ணும் செய்ய முடியலன்னு ரெண்டு வருசமா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறாரு. அவருக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதையும் நான் எடுத்துட்டா என்ன செய்வாரு?”

“உனக்கு வாந்தி வருமே.”

“வரும். தொடச்சுக்குவோம்.”

மெஷின் சத்தம் போட்டது. நர்ஸ் வந்து ஏதோ அழுத்தினாள். தயானி கண்ணை மூடிக்கொண்டாள். “அவருகிட்ட நீங்க சொல்லக் கூடாது,” என்றாள்.

நான் வராந்தாவுக்குப் போய் முஸ்தாக்குக்கு கோல் எடுத்தேன்.

“யாரு, கிரிஷாந்தன் சேரா?” விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் பெரிதாக ஒரு மூச்சு. “அல்ஹம்துலில்லாஹ். காலையில இருந்து நளீரா ஏசுறா, ஏமாத்தி விக்கப் போன கள்ளன் எண்டு. அப்ப எடுங்களேன் சேர்! நாளைக்கே கொண்டு வாறன்.”

“இல்ல. வேன் எடுக்கிறோம்.”

“டீசலா?”

“ஆமா.”

“டீச்சருக்கு வாட ஆகாது எண்டு நீங்கதானே சென்னீங்க?”

“வேன்தான் வேணும்னு அவளே சொல்லிட்டா,” என்றேன். “சரி சேர். அவங்களுக்கு துஆ செய்றன்,” என்று வைத்தார்.

வேனை வாங்கினோம். மாமா பத்து வயது குறைந்தவர் போல ஆனார். முதல் வாரமே அதைக் கழற்றிப் பிரித்தார். கசிகிற ரப்பர்க் குழாய்களை மாற்றினார். புகைக் குழாயை நீட்டி, கூரை உயரத்துக்கு மேலே தூக்கிவிட்டார். ஆசனத்தைத் தூக்கி அடியில் பழைய கம்பளியைத் திணித்தார். டாஷ்போர்டில் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் அவளை ஏற்றுமுன், வேனைத் தூரத்தில் நிறுத்திச் சூடாக்கி, முதல் புகை போனபிறகுதான் கொண்டுவருவார். அப்படியும் அவளுக்கு வந்தது. நான் பொலித்தீன் பையைப் பிடிப்பேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, “இன்னிக்குக் கொறவுதாம்பா,” என்பாள். அவர் அதை நம்பினார். அடுத்த முறைக்கு வேறு ஏதாவது செய்து பார்ப்பார்.

கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி, தன் பக்கத்துக் கண்ணாடியை முழுதாக இறக்கி ஓட்டுவது. முன்னால் நுழைகிற காற்று வாடையை அவளுக்கு வரவிடாமல் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும் என்றார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. தயானி கொஞ்சம் நிம்மதியாக இருந்தாள். அதனால் வெயிலோ பனியோ, அந்த ஜன்னல் திறந்தே இருந்தது.

நவம்பரில் மழை பிடித்தது. இங்கே பிடித்தால் விடாது. மலை முழுக்க ஈரத் துணி மாதிரி தொங்கும். ஆணிவேர் தெரிய மண் கழுவிப்போகும். மழையிலும் ஜன்னலை மூடாமல் ஓட்டினார் மாமா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது வலது பக்கம் முழுதும் தோய்ந்திருக்கும். அவளைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு வந்தால், அவர் வேனுக்குள் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருப்பார். “காச்ச வரப்போகுது மாமா,” என்றால், “எனக்கா?” என்பார். நக்கலாகச் சொல்வது போலிருக்கும்.

அன்று அவளுக்கு முறை நாள் இல்லை. விடியும்போதே மூச்சு இழுத்தது. அத்தை பெரட்டுக்குப் போயிருந்தார். ஆளனுப்பிவிட்டு, அவர் வருமுன் புறப்பட்டோம். பின் ஆசனத்தில் அவள் தலை என் மடியில். மாமா வேகமாகவும் ஓட்டவில்லை, மெதுவாகவும் ஓட்டவில்லை. கியரிலேயே இறக்கினார். எஞ்சின் பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது. மழை அவருடைய ஜன்னல் வழியாகச் சாய்ந்து அடித்தது. வழியில் அவள் பேசவில்லை. பதுளைக்குள் நுழைந்தபிறகு ஒரே ஒரு தரம் பேசினாள். எனக்கு மட்டும் கேட்டது. அதை நான் திருப்பிச் சொல்லுமுன் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. ட்ரொலியில் ஏற்றி முகத்தில் ஒக்சிஜன் மாட்டினார்கள். பிறகு பேசவில்லை. பகல் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் அவள் கடைசியாகச் சொன்னது பலவிதமாக இருந்தது. “‘அம்மா வந்துட்டாங்களா’ன்னு கேட்டாளாம்,” என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதிபர் இரங்கல் உரையில், வகுப்புப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டே கண்ணை மூடியதாகச் சொன்னார். என் அம்மா, மகன் இன்னொரு கல்யாணம் செய்யவேண்டும் என்று அவள் சொல்லிவிட்டுப் போனதாக யாரிடமோ சொன்னாராம். நான் எதையும் மறுக்கவில்லை. ஆளுக்கு ஒன்று வேண்டியிருந்தது.

மாமா மட்டும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கேட்டார். வேனுக்குள் தரைவிரிப்பை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். நான் மறுமுனையைப் பிடித்திருந்தேன்.

“மாப்புள. அன்னிக்கு டவுனுக்குள்ள வரக்குள்ள பாப்பா என்னமோ சொன்னா. கண்ணாடியில வாய் அசஞ்சது தெரிஞ்சுச்சு. எஞ்சின் சத்தத்துல எனக்கு விளங்கல. இவங்க சொல்றதெல்லாம் இல்லன்னு தெரியும். என்கிட்டத்தான் சொன்னா, இல்லையா?”

“ஆமா மாமா.”

“என்ன சொன்னா?”

விரிப்பைக் கீழே வைத்தேன். ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல், அவள் சொன்னபடியே சொன்னேன்.

“அப்பா, ஜன்னல மூடுங்க, தோளெல்லாம் நனையுது. இன்னிக்கு எனக்கு வாடையே தெரியல.”